அம்மாவின் கனகாம்பரம்

பூ என்றால் மணக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். மல்லி, முல்லை, ஜாதிப்பூ, சம்பங்கி, தாழம்பூ எல்லாமே வாசனையால் பேர் வாங்கியவை. வெறும் தழையான மரிக்கொழுந்துக்கும் மருவுக்கும்கூட வாசனையை வைத்துத்தான் சரத்தில் இடம் கிடைத்தது. இந்தக் கூட்டத்துக்குள் துளி வாசனையும் இல்லாமல் நுழைந்து, பெண்களின் தலையில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்ட பூ ஒன்று உண்டு. அதுதான் கனகாம்பரம்.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபது, எழுபதுகளில் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளின் இரட்டைப் பின்னலில், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் பாலம் கட்டியது போல ஒரு கனகாம்பரச் சரம் தொங்கும். நாலு முழம் மல்லி வைத்தால் தலை வலிக்கிறது என்பவர்கள்கூட நாலு முழம் கனகாம்பரம் வைத்துக்கொள்வார்கள். எடையே தெரியாது. காலையில் வைத்தால் மாலை வரை நிறம் மங்காது. ஜவுளிக்கடையில் "கனகாம்பரக் கலர் காட்டுப்பா" என்றால் கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் அந்தப் புடவையை எடுத்துப் போடுவார். ஒரு நிறத்துக்கே தன் பெயரைக் கொடுத்த பூ அது.

இன்றைக்கு அதைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். பாதி செடியைப் பற்றி, பாதி அதை வளர்த்த என் அம்மாவைப் பற்றி. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

முதலில் செடி. கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. பொன்னாடை என்று பொருள் கொள்ளலாம். கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். மராத்தியிலும் கொங்கணியிலும் மட்டும் 'அபோலி' என்கிறார்கள். அபோலி என்றால் பேசாதவள். எங்கள் ஆபீசில் பம்பாயில் வளர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவர்தான் இந்த அர்த்தத்தை எனக்குச் சொன்னார். வாசனை இல்லாத பூவுக்குப் பேசாதவள் என்று பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள்தான். மும்பைப் பக்கம் பெண்கள் ஓட்டும் ஆட்டோக்களுக்கு இந்த அபோலி நிறத்தையே அடையாளமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

தாவரவியலில் இதன் பேரினத்துக்கு கிராஸாண்ட்ரா என்று பெயர். 1805-இல் லண்டனில் சாலிஸ்பரி என்ற தாவரவியலாளர் வைத்தது. கிரேக்க மொழியில் குஞ்சம் என்ற சொல்லையும் ஆண் என்ற சொல்லையும் சேர்த்து, பூவின் மகரந்தப்பை குஞ்சம் வைத்த மாதிரி இருப்பதால் அப்படிப் பெயரிட்டிருக்கிறார். சின்னப் பேரினம்தான். மொத்தம் ஐம்பது இனங்கள் போல இருக்கும். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளர்பவை. நாம் தலையில் வைக்கும் இனம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தம். ரோஜாவையும் சாமந்தியையும் போல வெளியிலிருந்து வந்து குடியேறியதல்ல, இந்த மண்ணில் பிறந்ததே. குடும்பத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சளிக்குக் கஷாயம் போடும் ஆடாதோடை, காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்பு, மார்கழியில் பூக்கும் டிசம்பர் பூ எல்லாம் இதற்குப் பங்காளிகள். பச்சைக் கனகாம்பரம் என்று சிலர் சொல்லும் நீலாம்பரியும் அதே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு.

பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய குழாய், அதன் நுனியில் ஐந்து இதழ்கள். மற்றப் பூக்களில் இதழ்கள் சுற்றிலும் விரியும். இதில் ஐந்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, விசிறி பிரித்த மாதிரி நிற்கும். பச்சைக் கதிர் ஒன்றில் அடியிலிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரு சில பூக்கள் என்று திறந்துகொண்டே போகும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பது. ஒவ்வொன்றும் அவ்வளவு லேசு. ஒரு கிலோ சேர ஏறக்குறைய 15,000 பூ வேண்டும். கனகாம்பரம் ஏன் விலை அதிகம் என்று பூக்காரம்மாவிடம் சண்டை போடுபவர்கள் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தனையையும் விடியற்காலையில் ஒருத்தி குனிந்து, குழாய் ஒடியாமல், ஒவ்வொன்றாகப் பிடுங்கியாக வேண்டும்.

காய்ந்த கதிரில் ஒரு விளையாட்டும் உண்டு. நாங்கள் அதைப் பறித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டுக் காத்திருப்போம். நனைந்த சிறிது நேரத்தில் 'டப் டப்' என்று காய் வெடித்து, விதை முகத்தில் வந்து அடிக்கும். ஒரு காயில் நாலு விதை. மழை பெய்தால்தான் வெடிக்க வேண்டும், ஈர மண்ணில்தான் விழ வேண்டும் என்று செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. எங்களுக்கு அது தீபாவளி முடிந்த பிறகும் கிடைத்த ஓசிப் பட்டாசு.

இனி அம்மா.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் கொளவாய் ஏரி இருக்கும் பக்கமாக வாடகை வீட்டில் இருந்தோம். முன்னால் இரண்டு அறை, பின்னால் கிணற்றோடு நீளமான கொல்லை. அப்பா அரசு உத்தியோகம். 1974-இல், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எனக்கு இருபது, தங்கைக்குப் பதினொன்று.

அப்பாவின் இலாகாவில் கருணை அடிப்படையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். உத்தரவு கைக்கு வர பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு மாமா அனுப்பிய பணம் ஒரு காரணம். கொல்லையில் இருந்த கனகாம்பரம் இன்னொரு காரணம்.

அப்பா இருந்தபோது அது அம்மா ஆசைக்கு வைத்த செடி. கிணற்றடியில் இரண்டு பாத்தி. அவர் போன பிறகு அம்மா அதை ஆறு பாத்தியாக்கினாள். அப்போதிருந்தது விதையிலிருந்து வரும் நாட்டுக் கனகாம்பரம், வெளிர் ஆரஞ்சு. விடியற்காலையில் பறித்து, ஈரத்துணியில் போட்டு வைத்து, வீட்டு வேலை முடிந்ததும் வாழைநாரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நெருக்கிக் கட்டினால் ஒரு முழத்துக்கு நூற்றைம்பது பூவாவது போகும். மல்லிக்குப் போடும் முடிச்சு இதற்கு ஆகாது. குழாய் மெல்லிசு, கொஞ்சம் இறுக்கினாலும் வெட்டுப்பட்டுப் பூ தலை தொங்கிவிடும். அம்மா கட்டினால் ஒரு பூகூட விழாது. சாயங்காலம் ஒரு பூக்காரம்மா வந்து முழம் போட்டு வாங்கிப் போவார். அம்மாவின் முழம் எப்போதும் விரற்கடை அதிகம்தான் இருக்கும். பால் கணக்கும் தங்கையின் நோட்டுப் புத்தகமும் அந்தக் காசில் ஓடின.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு என்றால் சடைக்கு வேண்டிய கனகாம்பரம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். கட்டிக் கொடுக்க அம்மா வேண்டும். ஆனால் விசேஷத்துக்கு அவளைக் கூப்பிடுவதில் ஒரு தயக்கம் எல்லோருக்கும் இருந்தது. கூடையை என்னிடமோ தங்கையிடமோ கொடுத்து அனுப்புவாள். தங்கையின் தலையில் தினமும் சரம் இருக்கும். தன் தலையில் ஒரு பூ இல்லை. 1974-க்கு முன்னால் நாலு விரல் அகலத்துக்குக் கதம்பம் வைத்துக்கொண்டவள் அவள். இதைப் பற்றி அவள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, கேட்க வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை.

1980-இல் அந்தக் கொல்லைக்குப் புதுச் செடி ஒன்று வந்தது. எதிர்வீட்டு அக்கா திண்டிவனத்தில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஈரச் சாக்கில் சுற்றி ஏழெட்டுக் குச்சி கொண்டுவந்தார். "டெல்லி கனகாம்பரமாம். பூ பெருசா இருக்குமாம். உங்க கைக்குத்தான் வரும்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். அதில் மூன்று பிழைத்தது. பூத்தபோது தெருவே வந்து பார்த்தது. நாட்டுப் பூவைவிட இதழ் அகலம், நிறம் அடர்த்தி. அதற்குப் பிறகு எங்கள் கொல்லையில் நாட்டுக் கனகாம்பரம் மெல்ல மெல்லக் குறைந்து, டெல்லியே நிறைந்தது.

இந்த டெல்லிச் செடியில் ஒரு விஷயம் உண்டு. அதில் விதை பிடிக்காது. தங்கை எத்தனை காய்ந்த கதிரைத் தண்ணீரில் போட்டாலும் வெடிக்கவில்லை. "டெல்லிப் பூவுக்கு வெடி வைக்கத் தெரியலம்மா" என்று குறைப்பட்டுக்கொண்டாள். காரணம் எனக்கு வெகுகாலம் கழித்து வேளாண்மைப் பத்திரிகை ஒன்றைப் படித்தபோதுதான் தெரிந்தது. நாட்டுச் செடியின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் ஜோடி சேரக்கூடிய கணக்கில் இருக்கின்றன. டெல்லிக்கு மூன்று தொகுதி. மூன்றை இரண்டு சமபங்காகப் பிரிக்க முடியாது, அதனால் விதை உருவாகாது. நாம் சாப்பிடும் பூவன் பழத்திலும் பேயன் பழத்திலும் கொட்டை இல்லாததற்கும் இதே மூன்றுதான் காரணம். வாழையைக் கன்று எடுத்து வைக்கிறோம், இதைக் குச்சி வெட்டி வைக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். மழையில் வெடித்துத் தானே பரவுகிற செடிக்கு ஆள் தேவையில்லை. டெல்லிக் கனகாம்பரத்துக்கு ஆள் வேண்டும். ஒரு கை வெட்டி இன்னொரு கையிடம் கொடுத்தால்தான் அது அடுத்த வீட்டுக்கே போகும். ஊர் ஊராக இருக்கும் டெல்லிச் செடிகள் எல்லாம் இப்படிக் கை மாறி வந்தவை. திண்டிவனத்து அண்ணிக்கு யார் கொடுத்தார்களோ, அவர்களுக்கு யார் கொடுத்தார்களோ.

அம்மா தாராளமாகக் கொடுத்தாள். ஆடி பிறந்தால் கத்தரிக்கோலோடு கொல்லையில் இறங்கிவிடுவாள். "பக்கத்துல எல்லார் வீட்டுலயும் பூத்தா உன் பூவை யாரு வாங்குவா?" என்று மாமா ஒருமுறை கேட்டார். "என் செடி செத்தா நான் யாருகிட்ட போய்க் கேக்கறது?" என்றாள் அம்மா. எனக்கு வேலை கிடைத்து, பூ விற்கும் அவசியம் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஆனாலும் பழைய கணக்கு அவளுக்கு மறக்கவில்லை.

1983-இல் தங்கைக்குக் கல்யாணம். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் கடலோரமாக ஒரு ஊர். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் நிலம், ஒரு சவுக்குத் தோப்பு. சீர் வரிசையோடு ஈரச்சாக்கில் இருபது குச்சியும் போனது. அது மணல் பூமி. தண்ணீர் நிற்காது, அது கனகாம்பரத்துக்கு நல்லது. ஆனால் சத்தும் நிற்காது. இரண்டாம் வருடமே இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடமெல்லாம் மஞ்சள் அடித்துப் போனது. இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி உப்பைக் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொன்னார்கள், பச்சை திரும்பியது. எரு கூடையாகக் கொட்டி, தங்கை அந்த மணலில் முப்பது செடி நிறுத்தினாள். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு பந்து கட்டிய கனகாம்பரத்தோடுதான் வருவாள். அம்மா அதை வாங்கி, கட்டு சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டு, சுவாமி படத்துக்கும் அப்பா படத்துக்கும் போடுவாள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது அதுவரை தண்ணீருக்குள் கிடந்த கற்களைப் பார்த்தவர்கள் உண்டு. அதன் பிறகுதான் சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டி, மணலுக்குள் புதைந்திருந்த பழைய முருகன் கோயிலை வெளியே கொண்டுவந்தது. எங்கள் தங்கை வீட்டில் உயிருக்கு ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். குப்பத்தில் இழந்தவர்களை நினைத்தால் செடியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. தங்கை வீட்டுப் பின்புறம் முழங்கால் அளவு கடல்தண்ணீர் வந்து போனது. கிணறு உப்பாகிவிட்டது. ஒரு வாரத்தில் முப்பது கனகாம்பரமும் தீயில் வாட்டிய மாதிரி கருகின.

உடனே திரும்ப நடலாம் என்றால் மண் விடவில்லை. உப்பு இறங்க நல்ல மழை வேண்டும். 2005 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். ஊரெல்லாம் வெள்ளம் என்று திட்டிக்கொண்டிருந்தபோது, கடலோர மண்ணிலிருந்த உப்பை அந்த மழைதான் கழுவியது. மறு ஆடியில் தங்கை செங்கல்பட்டு வந்தாள். அம்மா எழுபது வயதில் கத்தரிக்கோலோடு இறங்கி, இருபது குச்சி வெட்டிக் கொடுத்தாள். அதற்குள் நாங்கள் சொந்த வீடு கட்டி வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. ஏரிப் பக்கத்து வீட்டிலிருந்து புது வீட்டுக்கு வந்ததும் குச்சிதான்.

இரண்டே வருடம். இந்த முறை எங்கள் தோட்டத்தில் ஆரம்பித்தது. நேற்று வரை பூத்த செடி மத்தியானம் தலை தொங்கும், மறுநாள் முழுக்க வாடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருக்கும். கனகாம்பரத்துக்குப் பெரிய எமன் இதுதான். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு முதலில் வேரைத் துளைக்கும், அந்தக் காயம் வழியாகப் பூஞ்சணம் உள்ளே போகும். வேப்பம் பிண்ணாக்கு போட்டோம், பாத்தி ஓரம் துலுக்கச் சாமந்தி வைத்தோம். வருமுன் செய்ய வேண்டிய வைத்தியம், வந்த பிறகு பெரிதாக உதவவில்லை. 2008-இல் ஒரு செடி மிஞ்சவில்லை. வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தது கண்ணில் நிற்கிறது.

அந்த ஆடியில் தங்கை வந்தாள், கையில் ஈரச்சாக்கு. அம்மா அதைப் பிரித்துக் குச்சிகளை எண்ணினாள். "இருபது குடுத்தேன். இருவத்தஞ்சு இருக்குதே" என்றாள். "அஞ்சு வட்டிம்மா" என்றாள் தங்கை. அன்று அம்மா சிரித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். பழைய பாத்தியில் வைக்கக் கூடாது என்று புது மண் கொட்டி, சிமெண்ட் தொட்டிகளில் நட்டோம்.

அம்மா 2010 ஜூலையில் போனாள். எழுபத்து நாலு வயது. படுத்தது மூன்று நாள்தான்.

குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாலைகள் வந்துகொண்டிருந்தன. தங்கையைக் காணவில்லை. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். தொட்டிகளில் இருந்த பூ அத்தனையும் பறித்து மடியில் போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். நார் இல்லை, வெறும் நூல். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கை நிற்கவில்லை. இரண்டு முழம் இருக்கும். எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வெள்ளை முடியை ஒதுக்கிக் கொண்டையில் வைக்கப் போனாள்.

எங்கள் பெரிய அத்தை, அப்பாவுக்கு மூத்தவர், எண்பது தாண்டியவர், கையைப் பிடித்துவிட்டார். "கழுத்துல மாலை போடு, கால்ல வை. தலையில வைக்காதடி. வழக்கம் இல்ல." அத்தை கெட்டவர் இல்லை. அவரும் முப்பது வருடமாகப் பூ வைக்காதவர்தான்.

தங்கை அத்தையின் கையைத் தட்டிவிடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, "அத்த, இது கடையில வாங்குனது இல்ல. அவங்க வச்ச செடி. முப்பத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் கட்டிக் குடுத்தாங்க. ஒரு நாள் அவங்களுக்கு நான் வைக்கறேனே" என்றாள்.

கூடம் அமைதியாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கொள்ளி வைக்கப் போகிறவன் நான் என்பதால். "வைக்கட்டும் அத்த" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தை கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "சாயாம வை. எடது பக்கம் தொங்குது பாரு" என்றார்.

கனகாம்பரம் வைத்துக்கொண்டு அம்மா போனாள். அன்றைக்கு முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு வருடத்தில் மறந்தும்போனார்கள். நான்கு வருடம் கழித்து அத்தை போனபோது, அவருடைய மருமகளே ஒரு முழம் பூ வாங்கிவந்து வைத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது என்ன நிலைமை? பூ வைத்துக்கொள்வதே குறைந்துவிட்டது. தோளளவு முடிக்குச் சரம் நிற்காது. ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டர் ஓட்டும் பெண்ணிடம் பூ வை என்று சொல்வதில் அர்த்தமும் இல்லை. என் பேத்தியின் நாட்டிய நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். சடையில் வெள்ளையும் ஆரஞ்சுமாக வரிவரியாகப் பூ. கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டும் துணிப்பூ. மல்லி போலி என்பதை மூக்கு உடனே சொல்லிவிட்டது. கனகாம்பரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வாசனை இல்லாததில் இப்படி ஒரு சங்கடமும் இருக்கிறது.

ஆனால் செடி அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. பெங்களூர் ஹெஸரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா என்று புது ரகங்கள் கொடுத்திருக்கிறது. மஞ்சள் நிறத்தில் லூட்டியா, சிவப்பில் செபாகுலிஸ் என்று ரகங்கள் உண்டு. வெளிநாடுகளில் மோனா வால்ஹெட் என்ற குட்டை ரகத்தை ஜன்னலோரத் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிறார்கள். அவர்களுக்கு அது தலையில் வைக்கும் பூ என்று தெரிந்திருக்குமோ என்னவோ.

வளர்க்க நினைப்பவர்களுக்கு, அம்மாவிடமிருந்தும் அனுபவத்திலிருந்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் நடுங்கள். நுனியிலிருந்து ஒரு சாண் குச்சி, பூக்கதிர் இல்லாததாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிறகு இரண்டடிக்கு ஒன்றாக நடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. பாதி நிழல் இருந்தாலும் பூக்கும். நடும் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கட்டாயம். வாடல் வந்து செத்த இடத்தில் அதே செடியைத் திரும்ப வைக்காதீர்கள். இரண்டு, மூன்று வருடத்தில் செடி கட்டையாகிப் பூ சிறுத்துவிடும். அதற்குள் புதுக் குச்சி போட்டுவிட வேண்டும். மழை மாதங்களில் பூ குறையும், பயப்பட வேண்டாம்.

முக்கியமான ஒன்று. நான்கு குச்சி பிழைத்தால், இரண்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பக்கத்துத் தெருவாக இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் வீட்டு மாடியில் இப்போது பதினாறு தொட்டி இருக்கிறது. என் மனைவி தினமும் கொஞ்சம் கட்டிக்கொள்கிறாள். எனக்குப் பிறகும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அதெல்லாம் இப்ப என்ன பேச்சு" என்று திட்டினாள். திட்டிவிட்டுப் போய்க் கதிரில் பாக்கியிருந்த பூவைப் பறித்தாள். இந்த ஆடியில் வெட்டினால் நாற்பது குச்சி தேறும். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் நண்பர்கள் வரும்போது ஒரு ஈரச்சாக்கு மட்டும் கொண்டுவாருங்கள்.